பனையாரின் கழுத்து

பனையார் தினமும் காலை எட்டு மணிக்குக் கருத்துத் தெரிவிப்பார். அதற்கு முன் அவரை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று விதி இருந்தது. மாதரசி விடிந்ததும் மலையேறி வந்து, சொட்டச் சொட்ட நனைந்த மழைச்சட்டையை ஆணியில் மாட்டுவாள். பிறகு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து மின்நாடித் திரையைத் துணியால் துடைத்துவிட்டுக் காத்திருப்பாள். திரையில் பச்சைக் கோடு ஒன்று ஓடும். கோடு மேலே எழுந்தால் சம்மதம், கீழே இறங்கினால் மறுப்பு. படுத்தே கிடந்தால் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று கொள்ள வேண்டும். பெரும்பாலும் படுத்தேதான் கிடக்கும்.

அன்று கீழ்த்துறையைச் சேர்ந்த ஞானமுத்து தன் கோழிக்கூண்டுக்குக் கூரை மாற்ற அனுமதி கேட்டிருந்தார். கோடு அசையவில்லை. மாதரசி ஒலிவாங்கியை இழுத்து வைத்துக்கொண்டு, தன் சொந்தக் குரலைவிட ஒரு படி கனத்த குரலில், “கோழியும் நம் குடியே. அதன் கூரை நம் கூரை. ஆயினும் அவசரம் அறிவுக்கு அழகல்ல” என்றாள். தீவின் ஒலிபெருக்கிகள் எல்லாம் அதைத் திருப்பிச் சொல்லின. கடலுக்கு அப்பால் நிலப்பரப்பிலும் அது ஒலிபரப்பாகும். மாலைக்குள் யாராவது ஒரு பேராசிரியர் அதற்கு உரை எழுதிவிடுவார். ஞானமுத்து எப்போதும்போல் கூரையை முந்தின நாளே மாற்றியிருந்தார்.

பனையார் ஒரு மரம். கொண்டல்பனை என்னும் இனத்தில் உலகத்திலேயே எஞ்சியிருந்த ஒரே மரம். கடற்கரையில் நெட்டையாய் நிற்கும் பனைக்கும் இதற்கும் பெயரளவில்தான் உறவு. இது காற்றுக்குப் பயந்து குட்டையாகவும் தடியாகவும் வளர்வது. கொண்டல் தீவின் மலையில் மேகம் உரசும் உயரத்தில் மட்டும் முளைத்து, மேகத்தையே குடித்து வாழ்ந்த இனம். கடல் சூடாகச் சூடாக மேகம் மேலே ஏறியது. மேகத்துக்குக் கால் உண்டு, பனைக்கு இல்லை. தாழ்வாய் நின்றவை ஒவ்வொன்றாகக் காய்ந்துபோக, உச்சிப்பாறையில் நின்ற இது ஒன்று மட்டும் தப்பியது.

தப்பியதோடு நிலச்சுவான்தாராகவும் ஆகிவிட்டது. ஒற்றையுயிர்ச் சட்டம் என்று ஒன்று வந்தது. ஓர் இனத்தின் கடைசி உயிர் எந்த நிலத்தில் நிற்கிறதோ அந்த நிலம் அதற்கே சொந்தம், அங்கே வாழும் மனிதர்கள் அதன் குடிகள், அதன் சம்மதமில்லாமல் ஒரு துரும்பையும் அசைக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். மனிதகுலம் வெட்கப்பட்டுப் போட்ட சட்டம். வெட்கப்பட்டுப் போடும் சட்டங்களில் நியாயம் கொஞ்சமும் அலங்காரம் நிறையவும் இருக்கும். மரம் பேசாது என்பதால் குரலாளர் என்று ஒரு பதவியை உண்டாக்கினார்கள். அந்தப் பதவியில்தான் மாதரசி இருந்தாள்.

சட்டத்தின் கடைசி வரியைத் தீவில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. நில உரிமையுள்ள உயிர் வாரிசின்றிக் காலமானால் நிலம் அரசுக்குச் சேரும், குடிகள் நிலப்பரப்பின் வெயில்நகர்களுக்கு அனுப்பப்படுவார்கள். வெயில்நகர் என்றால் பகலில் தரைக்கு மேலே தலைகாட்ட முடியாத ஊர். மாதரசியின் கணவன் அருளப்பன் இளவயதில் அங்கே கொஞ்சகாலம் சுரங்கக் காற்றைச் சுவாசித்து வேலை பார்த்துவிட்டு, நெஞ்சுக்கூட்டில் ஒரு பக்கத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தவன். மறுபடி அந்தக் காற்றுக்குப் போனால் ஒரு கோடையைத் தாண்ட மாட்டான் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதனால் மாதரசி தினமும் கூண்டுக்குள் நுழையும் முன் பனையாரின் ஓலைகளை எண்ணுவாள். மற்றவர்கள் சாமி கும்பிடுவதுபோல அது அவளுக்கு ஒரு வழக்கம்.

அருளப்பனுக்கும் பனையாரிடம்தான் உத்தியோகம். அவன் போர்த்துநர். நிலப்பரப்பிலிருந்து அமைச்சரோ, வாரியத் தலைவரோ, பதவிக்கு வர விரும்புகிறவரோ யார் வந்தாலும் பனையாருக்குப் பொன்னாடை போர்த்தாமல் போவதில்லை. படத்தில் முகம் தெரிய வேண்டும் என்பதற்காக, பனையாரின் கழுத்து உயரத்துக்கு மேடை கட்டியிருந்தார்கள். ஓலைக்கொத்துக்குக் கீழே பச்சைக் குழாய் போல் வழவழப்பாக இருக்கும் பகுதியைத்தான் கழுத்து என்பார்கள். பிரமுகர் ஒரு நுனியைத் தொட்டுக்கொண்டு ஒளிப்படக்கருவியைப் பார்த்துச் சிரிப்பார். மரத்தைச் சுற்றி இழுத்து இறுக்கிக் கட்டுவது அருளப்பன். ஆடை மக்காப்பட்டால் ஆனது. மழைக்கும் வெயிலுக்கும் அழியாது. போர்த்தியவர் பெயர் சரிகையில் இருக்கும். போர்த்தியதைக் கழற்றுவது போர்த்தியவருக்கு அவமரியாதை, ஆகவே பனையாருக்கும் மானபங்கம், அதற்கு நாடுகடத்தல் என்று துணைவிதி ஒன்றும் சேர்த்திருந்தார்கள்.

இப்படிப் பல தலைமுறை அமைச்சர்களைத் தாங்கிப் பனையாரின் கழுத்து நெற்குதிர் போலப் பெருத்திருந்தது. அவர் காய்த்து யாரும் பார்த்ததில்லை. பனையார் பிரம்மச்சாரி என்று அறிஞர்கள் முடிவு கட்டி, அவருடைய துறவின் மேன்மை பற்றி மூன்று மாநாடுகள் நடத்தினார்கள். மூன்றிலும் பொன்னாடை போர்த்தினார்கள்.

பனையார் நிலவுரிமை பெற்றதன் நூற்றாண்டு விழாவுக்கு ஏற்பாடுகள் தொடங்கிய வாரத்தில் அருளப்பன் ஏணியிலிருந்து இறங்கி வந்து, கூண்டின் கதவை விரலால் தட்டினான். முகம் சரியில்லை.

“கழுத்துல கட்டி மாதிரி என்னமோ இருக்கு” என்றான். “ஒரு பக்கமா புடைச்சிட்டு நிக்கி. நேத்து வரைக்கும் தையலு நல்லாத்தான் இருந்துச்சு. இன்னைக்கு விட்டுப்போச்சு.”

மாதரசி ஏணியில் ஏறிக் கையை வைத்துப் பார்த்தாள். பட்டு அடுக்குகளுக்கு அடியில் ஆட்டுக்கொம்பு போல ஏதோ ஒன்று உறுதியாக முட்டிக்கொண்டு நின்றது. நோய் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். இறங்கியதும் அவள் ஓலைகளை மறுபடி எண்ணினாள். அருளப்பன் அதைப் பார்க்காததுபோல் ஏணியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தான்.

நிலப்பரப்பில் பனையாருக்கென்றே நியமிக்கப்பட்ட தாவரவியலாளர் டாக்டர் ஜமீலா. ஆண்டுக்கு ஒருமுறை திரையில் தோன்றி வாழ்த்துச் சொல்வது தவிர அவருக்கு வேறு வேலை வைத்ததில்லை. மாதரசி படத்தை அனுப்பியதும் உடனே அழைத்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“நோயில்லை அக்கா. பூங்குலை. கொண்டல்பனை கழுத்துலதான் பூக்கும்.”

மாதரசிக்குச் சட்டென்று விளங்கவில்லை. பனையார் பூப்பதில்லையே என்றாள்.

“யாரு சொன்னா? வருசா வருசம் பூக்கப் பாத்திருக்கும். நாம போர்த்தியிருப்போம்.”

இது அங்கே யாருக்கும் தெரியாதா என்று கேட்டாள். ஜமீலா சிரித்த மாதிரி இருந்தது. எல்லாருக்கும் தெரியும் என்றார். தனக்கு முன்னால் இருந்தவர் இதை அறிக்கையில் ஒரே ஒரு வரி எழுதினார். அவரை வெயில்நகரில் கள்ளிச்செடிகளின் மனநிலையை ஆராய அனுப்பிவிட்டார்கள். “இத்தனை துணியையும் தள்ளிக்கிட்டு ஒரு குலை இவ்வளவு தூரம் வந்ததே பெருசு. மரத்துக்கு வயசாயிடுச்சு. ஓலை குறையுறதை நீங்களே பாக்குறீங்க. இது வெளிய வந்து விரியலைன்னா இன்னொண்ணு வரும்னு நான் சொல்ல மாட்டேன். விழாவுல இதுக்கு மேல இன்னொரு பொன்னாடை இறுக்கினா…” அங்கே யாரோ அறைக்குள் வந்திருக்க வேண்டும். அவர் குரல் பெரிதாகியது. “ஆமா அக்கா, நூற்றாண்டு வாழ்த்துக்கள்” என்று சொல்லித் திரையை அணைத்தார்.

தீவு அதிகாரி கோதண்டபாணி நிலப்பரப்புக்காரர். இங்கே குளிர்கிறது என்று புகார் சொல்லிக்கொண்டே மூன்று முறை பணிநீட்டிப்பு வாங்கியவர். மாதரசி சொன்னதை அவர் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கேட்டார். மறுக்கவில்லை. நம்பாமலும் இல்லை. அவருக்கும் ஓய்வுக்குப் பிறகு இந்தத் தீவிலேயே ஒரு வீடு தேவைப்பட்டது.

“அந்தச் சரிகையில இருக்கிற பேரெல்லாம் பாத்தீங்களாம்மா?” என்றார். “பாதிப் பேரு இன்னைக்கு ஆளுங்கட்சி. மீதிப் பேரு நாளைக்கு ஆளுங்கட்சி. நான் எதைக் கழட்டச் சொல்றது?”

காய்க்காவிட்டால் எல்லாருமே கப்பலேற வேண்டியதுதானே என்றாள் மாதரசி. அவர் மேசைக் கண்ணாடியை வெகுநேரம் துடைத்தார். பிறகு, அதிகாரிகளுக்கு எப்போதாவது வரும் ஞானம் அவருக்கு வந்தது. “பனையாரே சொல்லட்டுமே. எனக்குப் பொன்னாடை வேண்டாம்னு அவரு வாயாலயே வந்துட்டா யாருக்கும் மனவருத்தம் இல்லை பாருங்க.”

மறுநாள் காலை மாதரசி பச்சைக் கோட்டைப் பார்க்கவேயில்லை. ஒலிவாங்கியை இழுத்து, “நமக்கு இனிப் பொன்னாடை வேண்டாம். அன்பே போதும்” என்றாள்.

நாடு உருகிவிட்டது. இத்தனை பெருமை இருந்தும் என்ன அடக்கம் என்று தலையங்கங்கள் வந்தன. தலைவர் ஒருவர் மாலை வேண்டாம் என்றால், இந்த நாட்டில் அதற்கு என்ன பொருள் என்பது சிறுகுழந்தைக்கும் தெரியும். வேண்டாம் என்று சொன்னவருக்குப் போர்த்தாமல் விட்டவன் நாளைக்கு எப்படிப் பதவியில் இருப்பான்? வாரக் கடைசிக்குள் துறைமுகத்தில் பொன்னாடைப் பொதிகள் வந்து குவிந்தன. மாவட்டம்தோறும் ஒன்று, சங்கம்தோறும் ஒன்று. உயிரினப் பெருமைத் துறை அமைச்சர், மலையடிவாரத்திலிருந்து உச்சிவரை நீளும் ஒற்றைப் பொன்னாடையை விழாவில் தம் கையாலேயே போர்த்தப்போவதாக அறிவித்தார். கோதண்டபாணி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். “நம்ம ஆளுங்களைப் பத்தித் தெரிஞ்சிருந்தும் நான் இப்படி யோசனை சொல்லியிருக்கக் கூடாது” என்றார்.

கழுத்தின் புடைப்பு நாளுக்கு நாள் பெரிதாகியது. ஒரு கட்டத்தில் வளர்வது நின்றது. பட்டின் மேல் காதை வைத்தால் ஏதோ நெரிபடும் லேசான சத்தம் கேட்பதாக அருளப்பன் சொன்னான். ஓலைகளில் ஒன்று பழுத்துத் தொங்கியது.

மாதரசி இரண்டாம் முறை துணிந்தாள். சுற்றி வளைக்கவில்லை. “கழுத்து நெரிகிறது. கழற்றுங்கள்” என்று பனையார் தெரிவித்தார். அன்று மதியமே நிலப்பரப்பின் பொருளுரை வாரியம் விளக்கம் வெளியிட்டது. மனிதர்கள் தம் ஆணவத்தைக் கழற்ற வேண்டும் என்பதே பனையாரின் உட்கருத்து, கழுத்து என்பது இங்கே எதிர்க்கட்சியைக் குறிக்கிறது என்றது விளக்கம். பொதுமக்களுக்கு அதோடு முடிந்தது. மாதரசிக்கு முடியவில்லை. வாரியச் செயலர் அவளைத் தனியாகத் திரையில் கூப்பிட்டார். அன்றைய மின்நாடியை வரவழைத்துப் பார்த்ததாகவும் கோடு படுத்தே கிடந்ததாகவும் சொன்னார். அப்படியிருக்க இந்தக் கருத்து எங்கிருந்து வந்தது என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். போன மாதம் பனையார் அமைச்சரைக் ‘கருணைக் கொண்டல்’ என்று புகழ்ந்தபோதும் கோடு படுத்தேதான் கிடந்தது. அப்போது யாரும் வரவழைத்துப் பார்க்கவில்லை. மாதரசி அதைச் சொல்லவில்லை. இனி ஒரு தவறு நேர்ந்தால் குரல் வேறு ஆளுக்குப் போகும் என்று மட்டும் தெரிந்துகொண்டாள்.

விழா நாள் காலை தீவு முழுவதும் மேகம் இறங்கியிருந்தது. அமைச்சரின் வான்படகு கிளம்பிவிட்டதாக ஒலிபெருக்கி சொன்னது. அருளப்பன் அரிவாளை எடுத்து இடுப்பில் செருகுவதை அடுப்படியிலிருந்து மாதரசி பார்த்தாள்.

“எங்க கிளம்பிட்டீக?”

“நான் கட்டுனது. நானே அவுக்கேன்.”

“வைங்க அதை.”

“எட்டி, இவ்வளவு வருசமா இழுத்து இழுத்து முடிச்சுப் போட்டவன் நான். அமைச்சரு சும்மா நுனியத் தொட்டாரு. நெரிச்சது என் கையில்லா?”

“நீங்க தொட்டா உங்களத்தான் கப்பல்ல ஏத்துவாக. அங்க போயி நீங்க எத்தனை நாளு கெடப்பீக?” அவள் அரிவாளை உருவித் தன் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டாள். “ஒருத்தரு போனாப் போதும். நெஞ்சு நல்லாருக்குற ஆளு போவட்டும்.”

அவன் பதில் சொல்ல வாயெடுத்தான். இருமல் முந்திக்கொண்டது. அடங்கும்வரை அவள் அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு பேரும் சேந்து செஞ்சதுன்னு வரப்புடாது” என்றாள். “அதனால நீங்க ஆபீசர்ட்ட போவணும். எம் பொண்டாட்டி பொன்னாடையக் கழத்துதா, வந்து புடிங்கன்னு சொல்லணும்.”

“உன்னையே காட்டிக்குடுக்கச் சொல்லுத.”

“மெதுவா நடந்து போயிக் காட்டிக்குடுங்க.”

அவன் மெதுவாகத்தான் நடந்தான். அவனால் வேறுமாதிரி நடக்கவும் முடியாது.

மாதரசி மேடையில் ஏறி முதல் ஆடையை அறுத்தாள். பிறகு இரண்டாவதை. சரிகைப் பெயர்கள் ஒவ்வொன்றாகச் சரிந்து காலடியில் விழுந்தன. இப்போதைய அமைச்சர், முந்தைய அமைச்சர், அவரைச் சிறையில் வைத்தவர், அவரைச் சிறையிலிருந்து விடுவித்தவர். சில அடுக்குகளுக்கு இடையில் காய்ந்து தட்டையான ஏதோ ஒன்று பட்டோடு ஒட்டி வந்தது. முதலில் நார் என்று நினைத்தாள். பிறகு கையில் எடுத்துப் பார்த்தாள். பூங்குலை. புத்தகத்துக்குள் வைத்து மறந்த பூவைப் போல அழுந்தி, கிளைகளும் மொட்டுகளும் கலையாமல் இருந்தது. இன்னும் அறுத்தாள். இன்னொன்று. அதற்கும் கீழே இன்னொன்று. உள்ளே போகப் போக அவை கறுத்து நொறுங்கின. பிரம்மச்சாரி ஒவ்வொரு ஆண்டும் முயன்றிருக்கிறார்.

கடைசி அடுக்கு விழுந்தபோது வெளிச்சமே படாத மரப்பட்டை சோகை பிடித்த உடம்பு மாதிரி வெளுத்துத் தெரிந்தது. அதில் சாய்ந்து, வளைந்து, மூச்சுவிட இடமில்லாமல் திருகியிருந்த குலை ஒன்று மட்டும் பச்சையாக இருந்தது. மாதரசி அதைத் தொடவில்லை. தொட்டால் உடையும் என்று பயந்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். மேகம் வந்து அதை நனைத்தது. எவ்வளவு நேரம் ஆனதோ, குலையை மூடிய உறையின் ஓரத்தில் கீறல் விட்டு உள்ளிருந்து வெண்மையாக ஒரு கொத்து நீட்டிப் பார்த்தது. எங்கிருந்தோ சிறுவண்டுகள் வந்தன. அவை இத்தனை காலம் எதைத் தின்று உயிரோடிருந்தன என்று யாருக்குத் தெரியும்.

அமைச்சரும் பரிவாரமும் மேகத்துக்குள்ளிருந்து வெளிப்பட்டபோது மாதரசி அப்படியேதான் நின்றாள். காலடியில் முன்னாள் இந்நாள் ஆட்சிகள் குவிந்து கிடந்தன. கோதண்டபாணி வெளிறிப்போய் அமைச்சரின் முதுகுக்குப் பின்னால் பதுங்கினார். பறக்கும் ஒளிப்படக்கருவிகள் நாடு முழுவதற்கும் நேரலையில் காட்டிக்கொண்டிருந்தன.

அமைச்சர் அனுபவசாலி. ஒரு கணம்தான் திகைத்தார். பூவைப் பார்த்தார், கருவிகளைப் பார்த்தார். கைகளை அகல விரித்து, தம் வருகையைக் கேள்விப்பட்ட பனையார் ஆனந்தம் தாளாமல் ஆடைகளையெல்லாம் உதறிவிட்டுப் பூத்துவிட்டார் என்று அறிவித்தார். கைதட்டல் அடங்க வெகுநேரமானது. அந்தப் பூவுக்கு அமைச்சரின் தாயார் பெயர் சூட்டப்பட்டது. இனி அதன் அருகே யாரும் ஆடை கொண்டுபோகக் கூடாது என்று அங்கேயே ஆணையும் பிறந்தது. மலையளவு பொன்னாடையைத் திருப்பி எடுத்துப்போவது அபசகுனம் என்பதால் அது கோதண்டபாணிக்குப் போர்த்தப்பட்டது. அவரை அதற்குள்ளிருந்து வெளியே எடுக்க ஆறு பேர் தேவைப்பட்டார்கள்.

பூ அமைச்சருடையது என்றால் அரிவாள் யாருடையது என்ற கேள்வி மீதமிருந்தது. போர்த்தியவர்களின் கட்சிகள் எல்லாம் முதன்முறையாக ஒரே கருத்தில் நின்றன. மாதரசி தீவிலிருந்து நீக்கப்பட்டாள். மனைவி என்றும் பாராமல் வந்து சொன்ன விசுவாசத்துக்காக அருளப்பன் குரலாளராக உயர்த்தப்பட்டான்.

அவள் கப்பலேறிய காலை எட்டு மணிக்குப் பனையார் கருத்துத் தெரிவித்தார். கண்டன உரையை வாரியம் எழுதி அனுப்பியிருந்தது. அருளப்பன் படித்தான். அவனுக்குப் பனையாரின் குரல் வரவில்லை, தன் குரலில்தான் வந்தது. “நம் மேனியில் கைவைத்த அப்பாதகியை…” என்ற இடத்தில் தடுமாறி, மறுபடி ஆரம்பித்து, எழுத்துக்கூட்டி முடித்தான். துறையில் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். மாதரசி மூட்டையின் மேல் உட்கார்ந்து கேட்டாள். உரை முடிந்தும் ஒலிபெருக்கி அணையவில்லை. இரைப்புச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவன் சொன்னான்.

“போற எடத்துல வெயில்ல நிக்கப்புடாது. தண்ணி நெறயக் குடிக்கணும்.”

அவள் நிலப்பரப்பில் இறங்கும் முன்பே அது தேசியக் கொள்கையாகிவிட்டது. துறைமுகச் சுவரெல்லாம் பனையாரின் நீர்நெறி என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். தண்ணீர்தான் எங்கும் கிடைக்கவில்லை.

வெயில்நகரில் அவளுக்குச் சுரங்கத்தின் நான்காம் தளத்தில் இடம் கொடுத்தார்கள். சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருந்தது. காலையில் குளிர்கூடத்துக்கு வரிசையில் நிற்கும்போதுதான் பனையாரின் ஒலிபரப்பு வரும். வாரியம் எழுதிக்கொடுத்ததை அருளப்பன் படிப்பான். ஒவ்வொரு நாளும் கடைசியில் ஒரு வரி கூடுதலாக இருக்கும். ‘ஓலை ஒண்ணு புதுசா விட்டிருக்கு.’ ‘நேத்து மேகம் நல்லா எறங்குச்சு.’ ‘பூ கொஞ்சம் உதுந்துபோச்சு, எல்லாம் உதுரலை.’ வாரியத்துக்கு அந்த வரிகள் மிகவும் பிடித்திருந்தன. பனையார் எளிமையின் காலகட்டத்துக்குள் நுழைந்திருக்கிறார் என்று ஓர் ஆய்வரங்கமும் நடத்தினார்கள்.

கோடை நடுவில் ஒருநாள் வரிசை அசையாமல் நின்றது. ஒலிபெருக்கியில் அருளப்பனின் குரல் வழக்கமான உரையை முடித்து, சற்று நிறுத்தி, “காய் புடிச்சிருக்கு. கொஞ்சந்தான். ஆனா நிக்கி” என்றது. உடனே அறிஞர்கள் கூடிவிட்டார்கள். நலத்திட்டங்கள் பலன் தருவதைப் பனையார் குறிப்பிடுகிறார் என்றார் ஒருவர். கொஞ்சம்தான் என்பதால் இது அரசுக்கு எச்சரிக்கை என்றார் மற்றவர். நிற்கிறது என்ற சொல்லில் தேர்தல் அறிவிப்பு ஒளிந்திருப்பதாக மூன்றாமவர் சொன்னதும் மூவரும் சண்டைபோடத் தொடங்கினார்கள்.

மாதரசிக்கு முன்னால் நின்ற பெண் திரும்பினாள். “அக்கா, நீங்க அந்தத் தீவுலேர்ந்துதானே வந்தீங்க? என்னதான் சொல்றாரு அவரு?”

மாதரசியின் நாக்கில் பழைய வழக்கப்படி நான்கைந்து கனத்த வாக்கியங்கள் வந்து நின்றன. எல்லாம் நன்றாகவே இருந்தன. அவற்றை விழுங்கினாள்.

“காய் புடிச்சிருக்குன்னு அர்த்தம்.”

“அவ்ளோதானா?”

“அவ்வளவுதான்.”

அந்தப் பெண் ஏமாற்றத்தோடு முன்னால் நகர்ந்தாள். மாதரசி நகரவில்லை. காய் நின்றால் விதை, விதை முளைத்தால் வாரிசு, வாரிசு இருந்தால் தீவில் யாரையும் யாரும் கப்பலேற்ற முடியாது. அவன் அங்கேயே இருப்பான். அந்தக் காற்றைச் சுவாசிப்பான். பின்னால் நின்றவர்கள் அவளை ஏசத் தொடங்கினார்கள். அவள் கண்ணை மூடி, சற்றுமுன் கேட்ட அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். இடையில் நிறுத்தினானே, அப்போது இருமினானா? இருமவில்லை. சத்தமே இல்லை, மூச்சுச் சத்தம்கூட இல்லை. மகிழ்ச்சியாக இருந்தது. பிறகு, ஒலிபரப்பும் முன் இருமல், இரைப்பு எல்லாவற்றையும் வாரியம் வெட்டிவிடும் என்பது நினைவுக்கு வந்தது.